நிகழ்ச்சி நிரலில் ஏழாவது

ஞாயிறு அதிகாலை மூன்று பத்து.
வின்டர்தூரில் பனி மழையாக மாறிக்கொண்டிருந்தது.
ரேட்டோ அழைத்தான்:
"கோப்புகளின் பெயர் மாறுகிறது.
ஒவ்வொன்றாக. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே."

ஒரு காலுறை போடும் நேரம் யோசித்தேன்.
மற்றதைப் போடவில்லை.
"எல்லாவற்றையும் பிடுங்கு."
"எல்லாவற்றையுமா?"
"காப்பி இயந்திரம் வலையில் இருந்தால்
அதையும்."

ஏழு நாடு, நாலாயிரம் பேர்,
தண்ணீர்ப் பம்பு செய்கிற கம்பெனி
ஒற்றைக்கால் சில்லிட்ட ஒருத்தியின் சொல்லில்
இருண்டது.

நெருக்கடியில் யாரை முதலில் அழைப்பது,
யாருக்கு எப்போது சொல்வது என்று
நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தோம்.
கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து.
அதுவும் பூட்டுண்ட சர்வருக்குள் இருந்தது.
எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன்.
ரேட்டோ சிரிக்கவில்லை; அவனுக்கு முப்பது வயது.

இந்தக் கட்டடத்தில் என் முதல் வேலை
ஒரு தொலைபேசி எண்ணுக்கு வாயாக இருப்பது.
நாற்பத்து நான்கு பதினொன்று, வணக்கம்,
அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தீர்களா?
மூன்றாம் மாடி பிரிண்டருக்கு டோனர் மாற்றுவேன்.
டோனர் கறுப்பை வெந்நீரில் கழுவக்கூடாது,
பச்சைத் தண்ணீர்தான்.
பத்தொன்பது வருடத்தில் நிச்சயமாகக் கற்றது
அது ஒன்றுதான் என்று சில நாள் தோன்றும்.

ஊழியர் பட்டியலில் குடும்பப் பெயருக்கு
ரோம எழுத்து பன்னிரண்டு போதும் என்று
ஒரு மதியம் அவசரமாக முடிவெடுத்தவளும் நான்.
பரமேஸ்வரநாதன் என்ற என் அப்பா
பரமேஸ்வரன் ஆகி
இன்றும் என் அறைக் கதவில் நிற்கிறார்.
மாற்றலாம். பதினெட்டு இடத்தில் உடையும்.

எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர்
சொந்தக் காரணங்களுக்காக விலகினார்.
அந்தக் காரணங்கள் அடங்கிய நீலக் கோப்பு
மேசையோடு எனக்கு வந்தது.

போன வருடம் இயக்குநர் குழுவில்
ட்சோலிங்கர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
"பாதுகாப்புக்கு இவ்வளவு கேட்கிறீர்கள்.
ஒன்றுமே நடக்கவில்லையே, எதற்கு?"
உப்பைப் பற்றிச் சொல்ல நினைத்தேன்,
சரியாக விழுந்த நாளில்
யார் பேசுகிறார்கள் அதைப் பற்றி?
ஆனால் எனக்குக் கொடுத்தது பத்து நிமிடம்,
அதில் ஆறு முடிந்திருந்தது.
பாதியை வெட்டினார்கள்.
நன்றி சொன்னேன்.

மிச்சத்தில் நான் வெட்ட வேண்டியவற்றுள்
வங்கிப் பெட்டக வாடகையும் ஒன்று,
வருடத்துக்கு முந்நூற்று எண்பது பிராங்க்.
வெள்ளிதோறும் ஊர்சுலா ப்ரெண்ட்லி
காப்பு நாடாக்களை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு
சைக்கிளில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள்.
ஏன் என்று யாரும் கேட்டதில்லை.
வெட்ட மறந்துவிட்டேன்.

அந்த டின்னிலிருந்துதான் கம்பெனி எழுந்தது.
அறிக்கையில் அதற்குப் பெயர் தொலைநோக்கு.
திருத்தப் போனேன்.
பேனாவைத் திறந்து, மூடி, வந்துவிட்டேன்.

பதினோராம் நாள், மாலை நாலரை.
முதல் விலைப்பட்டியல் அச்சாகப் போகிறது;
பதினைந்து பேர் ஒரு பிரிண்டரைச் சுற்றி
பிரசவ அறை வாசலில் போல நின்றோம்.
தாள் சிக்கியது.
யாரும் அசையவில்லை.
நான்தான் முட்டி போட்டு, பக்கக் கதவைத் திறந்து,
உருளையைப் பின்னால் சுற்றி
இழுத்தேன்.
லீல் நகரத்துக்கு இரண்டு பம்பு, ஒரு வால்வு.
ரேட்டோ அப்போதுதான் அழுதான்.

கழுவ நேரமில்லை. ஐந்து மணிக்குக் குழு.
நிரலில் ஏழாவது, பத்து நிமிடம்.
ட்சோலிங்கர் கண்ணாடியைத் துடைத்தார்:
"இவ்வளவு செலவழித்தும்
எப்படி இது நடந்தது?"

கையை மேசைக்கு அடியில் வைக்கவில்லை.
அவருடைய பிரதியை என் பக்கம் இழுத்து
கறுத்த பெருவிரலால்
மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன்.